விம் திறந்தால் உகாண்டா பிள்ளைகள் வருகிறார்கள், இது வைரஸா?

22 ஜூலை 2023, இரவு 11:40
(பாலிடெக்னிக் தம்பி ஒருவர் கேட்டது)

வணக்கம். பேராக்கில் ஒரு பாலிடெக்னிக்கில் இரண்டாவது செமஸ்டர் படிக்கிறேன். லேப்பில் லினக்ஸ் போட்டிருக்கிறார்கள். வெறும் விம் (கோப்பில் எழுதவும் திருத்தவும் உள்ள எடிட்டர் நிரல்) என்று தட்டினால் திரையின் நடுவில் "உகாண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள்" என்று ஆங்கிலத்தில் வருகிறது. பக்கத்தில் உட்காரும் கூட்டாளி மெஷினில் அப்படி வரவில்லை, வேறு ஏதோ வருகிறது. உன் மெஷினில் வைரஸ் புகுந்துவிட்டது என்கிறான். இது ஸ்கேமா? எப்படி எடுப்பது? திங்கட்கிழமை அசைன்மெண்ட் கொடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

23 ஜூலை 2023, காலை 7:10

வைரஸும் இல்லை, ஸ்கேமும் இல்லை. தம்பி நிம்மதியாகத் தூங்கலாம். அந்த வாசகம் உங்கள் வயதைவிடப் பழசு.

விம்மை எழுதியவர் பிராம் மூலெனார், ஹாலந்துக்காரர். அவர் விம்முக்கு விலை வைக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்து, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடு, மனசு இருந்தால் உகாண்டாவில் உள்ள பிள்ளைகளுக்கு ஏதாவது கொடு. அவருடைய லைசென்ஸின் சாரம் இதுதான், இதற்குச் சேரிட்டிவேர் என்று பெயர். மனசு இல்லாவிட்டாலும் விம் அப்படியேதான் ஓடும், ஒரு வசதியும் குறையாது. நானே 2008-ல் பத்து யூரோ அனுப்பியிருக்கிறேன். அப்போது அது ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிட்ட.

அம்புக்குறியை விட்டுவிட்டு எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்தை வைத்துத் திரையில் நகரும் அந்தக் கிறுக்குத்தனமும் அவர் கண்டுபிடித்ததுதான். பழகினால் விட மாட்டீர்கள்.

எப்படி எடுப்பது என்று அப்புறம் சொல்கிறேன். கடை திறக்க நேரமாகிவிட்டது.

23 ஜூலை 2023, மதியம் 2:05

இங்கே படிக்கும் பினாங்கு சார் என் தப்பைப் பிடித்துவிட்டார். எச், ஜே, கே, எல் பற்றி நான் சொன்னது தப்பு. அது பிராம் கண்டுபிடித்ததே இல்லை.

விம்முக்கு முன்னால் வி என்று ஒன்று இருந்தது. பெர்க்லியில் பில் ஜாய் 1976 வாக்கில் எழுதியது. அவர் உட்கார்ந்து வேலை செய்த டெர்மினல், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த பெட்டி, ஏடிஎம்-3ஏ (காசு எடுக்கும் ஏடிஎம் இல்லை). அதில் அம்புக்குறிக்கென்று தனி விசையே கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறியை அச்சடித்திருந்தார்கள். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இப்போது டேப் இருக்கும் இடத்தில்தான் அதில் எஸ்கேப் விசை இருந்தது, அதனால்தான் வி-யில் மூச்சுக்கு மூச்சு எஸ்கேப் அழுத்தச் சொல்கிறார்கள். அந்தப் பலகையில் சுண்டு விரல் பக்கத்திலேயே இருந்த விசை. இன்றைய பலகையில் கையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பில் ஜாய் அதை எழுதியபோது 300 பாட் மோடம் வழியாக வேலை செய்தார். நாம் 1515-க்கு டயல் செய்து 56 கே மோடம் கத்துவதைக் கேட்டுக்கொண்டே திட்டிய ஆட்கள். நமக்கு அதைக் குறை சொல்ல யோக்கியதை கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் மெல்ல ஊர்ந்து வரும் கம்பியில், ஒரு விசையில் ஒரு சொல்லையே மாற்றிவிட வேண்டும் என்று ஒருவர் யோசித்ததன் விளைவு இது.

பிராம் என்ன செய்தார்? 1988-ல் ஓர் அமிகா கம்ப்யூட்டர் வாங்கினார். வி பழகிய கைக்கு அமிகாவில் வி இல்லை. ஸ்டீவி என்று ஒரு நகல் இருந்தது, அதை எடுத்து ஒட்டுப்போட்டு, திருத்தி, கூட்டி, 1991 நவம்பரில் வெளியில் விட்டார். வலையில் அல்ல, பிளாப்பியில். ஃப்ரெட் ஃபிஷ் என்பவர் அமிகாக்காரர்களுக்கு இலவச நிரல்களைத் தொகுத்து வட்டு வட்டாக விநியோகித்துக்கொண்டிருந்தார், அதில் 591-வது வட்டில் விம் இருந்தது. அப்போது பெயர் "வி-யின் நகல்" என்ற பொருளில். யூனிக்ஸுக்குப் போனதும் "மேம்படுத்திய வி" ஆகிவிட்டது. எழுத்து அதே மூன்று, அர்த்தம் மட்டும் பதவி உயர்வு வாங்கிக்கொண்டது.

24 ஜூலை 2023, இரவு 10:50

தம்பி அசைன்மெண்ட் கொடுத்துவிட்டாராம். நானோ என்ற வேறு எடிட்டரில் செய்தாராம். சரி.

எச், ஜே, கே, எல் எனக்கு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதில்லை. 2003 என்று நினைக்கிறேன். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை, பெயர் வேண்டாம். லாரி எடை போடும் இடத்தைத் தீம்பாங் என்போம், அங்கே ஒரு பழைய பெட்டியில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வருகிறது, எடை வரவில்லை, வாசலில் பதினொரு லாரி நிற்கிறது. குலை வெட்டிய ஒரு நாளைக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அப்புறம் விலை இறங்கும், அதனால் லாரிக்காரர், கிராணி, காவலாளி எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

விஷயம் சின்னது. எடை காட்டும் பெட்டியைப் பகலில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பழையது 9600 வேகத்தில் பேசும், புதியது 4800. ஒரு கோப்பில் ஓர் எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த விசைப்பலகையில் அம்புக்குறி நான்கும் செத்துக் கிடந்தன. ஆலைச் சாம்பலும் எண்ணெயும் சேர்ந்து ஒரு கறுப்புப் பசையாக இறுகியிருந்தது, பேனா முனையால் நோண்டினால் ஒட்டுப்பால் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. மௌஸ் கிடையாது. அப்போதுதான் காலேஜில் விரிவுரையாளர் சொல்லி நான் சிரித்தது ஞாபகம் வந்தது. ஜே கீழே, கே மேலே. பன்னிரண்டு தடவை ஜே. அப்புறம் சி, டபிள்யூ (இந்தச் சொல்லை மாற்று என்று அர்த்தம்), 4800, எஸ்கேப். எழுதி வைத்து வெளியே வந்தேன். எடை விழுந்தது. முதல் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார், நன்றிக்கா கோபத்துக்கா தெரியவில்லை.

காலேஜில் 1999-ல் முதல் தடவை விம்முக்குள் மாட்டிக்கொண்டபோது வெளியே வரத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கிய ஆள் நான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது" என்ற ஒரே கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவை பார்த்துவிட்டார்கள் என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே எழுதியது. எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி. எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

25 ஜூலை 2023, காலை 6:30

கூட்டாளி மெஷினில் ஏன் வேறு வாசகம் என்பதற்கு நான் பதிலே சொல்லவில்லை. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். சிரித்துவிட்டேன்.

விம் திறக்கும்போது கடிகாரத்தின் வினாடியைப் பார்க்கிறது. எட்டு வினாடி ஒரு சுற்று. அதில் நான்கு வினாடிக்குள் திறந்தால் உகாண்டா பிள்ளைகள், இரண்டு வினாடிக்குள் திறந்தால் "விம்முக்கு ஆதரவு தாருங்கள்", மீதி இரண்டில் "பதிவு பெற்ற பயனர் ஆகுங்கள்". ஆக, கூட்டாளி உங்களுக்கு இரண்டு வினாடி முன்னால் அல்லது பின்னால் தட்டியிருக்கிறார். வைரஸ் இல்லை, நேரம்.

அதுவும் கோப்புப் பெயர் கொடுக்காமல் வெறுமனே திறந்தால்தான் வரும். இத்தனை வருஷம் விம் பிடித்தும் நான் எப்போதும் கோப்போடுதான் திறக்கிறேன், அதனால் அந்த வாசகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. தம்பி கேட்காவிட்டால் மறந்தே போயிருப்பேன்.

30 ஜூலை 2023, மாலை 5:20

"நம்ம ஊரில் ஏழைப் பிள்ளை இல்லையா, உகாண்டாவுக்கு ஏன்?" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். கோபப்படவில்லை அண்ணே, நானும் அதைத்தான் கேட்டேன். லயத்து வீட்டில் பிறந்தவன், பள்ளிக்கு ஒரு சட்டை வைத்துக்கொண்டு துவைத்துத் துவைத்துப் போட்டவன், எனக்கு உகாண்டாவைக் காட்டுகிறாயே என்று.

அப்புறம்தான் விம்முக்குள் இருக்கும் அந்த உதவிப் பக்கத்தைப் படித்தேன். கிபாலே என்பது உகாண்டாவின் தெற்கே தான்சானியா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், ராக்காய் மாவட்டம். விவசாயிகள். பசி இல்லை, எய்ட்ஸ்தான். மாவட்டத்தில் 3,50,000 பேர், அதில் அப்பாவையோ அம்மாவையோ இரண்டு பேரையுமோ இழந்த பிள்ளைகள் 60,000 என்று பிராம் எழுதி வைத்திருக்கிறார். படத்தைப் பார்த்து மனசு உருகி எழுதியதில்லை. 1994-ல் ஒரு வருஷம் அங்கே தங்கித் தண்ணீர், கழிவுநீர் வேலை பார்த்திருக்கிறார். ஊர் திரும்பி, கூட்டாளிகளோடு ஐசிசிஎஃப் என்று ஒரு அறக்கட்டளை வைத்து, அங்கே உள்ள பிள்ளைகள் மையத்துக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார்.

இன்று அம்மாவைப் பார்க்கப் போனேன். முப்பத்திரண்டு வருஷம் பால் மரம் வெட்டியவர், இப்போது முட்டி வலி, டிவி சீரியல். இந்தக் கதையைச் சொன்னேன். கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைங்களுக்கு ஆயாக் கொட்டகை இருக்கா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு: விடிகாலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன் அம்மாக்கள் கைக்குழந்தையைக் கொண்டுபோய் விடும் கொட்டகை அது. ஓர் ஆயா, வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், ஒரு பெரிய பானையில் பால்மாவு. ஆயா வராத அன்று அம்மாவுக்கு வேலை இல்லை, வேலை இல்லாத அன்று சம்பளம் இல்லை. நான் அங்கே கிடந்து வளர்ந்தவன்தான். பள்ளிக்கூடம் இருக்கிறது, மருத்துவமும் பார்க்கிறார்களாம் என்றேன். "அப்ப சரி" என்று சீரியலுக்குத் திரும்பிவிட்டார்.

6 ஆகஸ்டு 2023, காலை 9:00

பிராம் மூலெனார் இறந்துவிட்டார். 3-ஆம் தேதி. குடும்பத்தார் நேற்று விம் குழுவுக்கு எழுதியிருக்கிறார்கள். 62 வயது.

6 ஆகஸ்டு 2023, இரவு 11:15

காலையில் அதற்கு மேல் எழுத வரவில்லை. ஞாயிறு, கடை பாதி நாள்தான், மதியத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

நோய் கடைசிச் சில வாரங்களில் வேகமாக முற்றியதாம். தம்பி இங்கே "வைரஸா" என்று கேட்டது 22-ஆம் தேதி. அப்போதே அவர் படுக்கையில் இருந்திருப்பார் என்று நினைக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது. நாம் இங்கே வினாடிக் கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். தம்பி இதற்காக மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவர் எழுதியதைப் பார்த்துக் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

ஆள் எப்படி வாழ்ந்தார் என்று கொஞ்சம். பிறந்தது லிஸ்ஸே, 1961. டூலிப் பூப் பார்க்க உலகம் முழுக்கப் போகிறதே, கியூகன்ஹாஃப் தோட்டம், அது இந்த ஊரில்தான். அவரும் தோட்டத்து ஊர்க்காரர் என்று வைத்துக்கொள்ளலாம், வெட்டுவது பூ. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல். ஜெராக்ஸ் மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை. விம் எல்லாம் சொந்த நேரத்தில். 2006-ல் கூகுள் ஜூரிக்கில் எடுத்துக்கொண்டார்கள், வேலை நேரத்தில் பாதியை விம்முக்குச் செலவிடலாம் என்று. 2021 வரை அங்கே. கம்பெனி ஆரம்பித்தார், விற்றார், கோடீஸ்வரர் ஆனார் என்கிற கதை இதில் கிடையாது. 1991-லிருந்து 2023 வரை, ஒரே நிரல், முப்பத்திரண்டு வருஷம்.

(முப்பத்திரண்டு என்று எழுதிய பிறகுதான் கவனித்தேன், அம்மா மரம் வெட்டியதும் அதே கணக்கு. தற்செயல்தான், ஆனால் அழிக்க மனசு வரவில்லை.)

விம்முக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு ஓர் உரிமை கொடுத்திருந்தார். அடுத்து எந்த வசதி வேண்டும் என்று வாக்குப் போடலாம். வாக்கு உனக்கு, காசு கிபாலேவுக்கு. நம்ம ஊர்த் தேர்தலை நினைத்து யாரும் சிரிக்க வேண்டாம்.

9 ஆகஸ்டு 2023, இரவு 10:10

"இனி விம்மை யார் பார்ப்பார்கள், நியோவிம் வந்துவிட்டதே, விம் கதை முடிந்ததா?" என்று ஓர் அக்கா.

நியோவிம் என்பது கோயில் கமிட்டி உடைந்த கதை. தோட்டத்துக் கோயில் உள்ள எல்லாருக்கும் புரியும். 2014-ல் தியாகோ டி அருடா என்பவர் பெரிய மாற்றம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்தார். பின்னணியில் வேறு வேலைகள் ஓட வேண்டும், முன்னால் எழுதுகிறவர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. பிராம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் குணம் அப்படி, இருபது வருஷமாக எவ்வளவோ பழைய மெஷின்களில் ஓடுகிற பொருளை ஒரே நாளில் பிரித்து மேய விடமாட்டார். அவர்கள் தனியாகப் போய் எதிர்ப்பக்கம் இன்னொரு கோயில் கட்டினார்கள். நம்ம ஊரில் இப்படி ஆனால் கேஸ், போலீஸ் ரிப்போர்ட், இரண்டு தீமிதி. அங்கே என்ன ஆனது என்றால் 2016-ல் விம் 8 வந்தபோது அந்தப் பின்னணி வேலை வசதி அதிலும் வந்துவிட்டது. கூட்டம் போய்விடுமோ என்று பழைய கோயிலும் சீக்கிரம் வெள்ளையடித்தது என்று நான் சொல்வேன், பிராமின் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் கருத்து, பிராம் அந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம்தான். எல்லாத் திட்டும் எல்லாத் திருத்தமும் ஒரே ஆளின் கை வழியாகப் போனது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாதிரி. நல்ல மண்டோர்தான், ஆனால் ஒரே மண்டோர். இப்போது கிறிஸ்டியன் பிரபாண்ட் முன்னால் நிற்கிறார், பழைய ஆள், தெரிந்தவர். பார்ப்போம்.

நான் இரண்டு கோயிலுக்கும் போகிறவன். கடையில் நியோவிம், வாடிக்கையாளர் சர்வரில் விம்.

12 ஆகஸ்டு 2023, மதியம் 1:40

விம்மில் தமிழ் வருமா என்று கேட்ட தம்பிக்கு. வரும், ஆனால் டெர்மினலில் மானம் போகும். எங்கள் கோயில் திருவிழா நோட்டீஸை ஒரு தடவை வீம்புக்கு விம்மில் அடித்தேன். "கொடியேற்றம்" என்றால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் யாருமே கேட்காத ஒரு புள்ளி வட்டம். அச்சடித்தால் சரியாக வந்தது, திரையில்தான் அலங்கோலம். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு ஆளிடம் கொடுக்கலாமா என்றார். தப்பு விம்முடையது மட்டும் இல்லை, ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று நினைக்கிற டெர்மினலுடையது.

ஆனால் ஒரு சங்கதி. விம்மோடு வரும் விசைப்பலகைக் கோப்புகளில் தமிழ் டிஸ்கி என்று ஒன்று இருக்கிறது. யூனிகோடு பரவும் முன் நாம் மின்னஞ்சல் எழுதிய குறியீடு அது. 2001-ல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது நான் பின்வரிசையில் நின்று கேட்டவன், எந்தக் குறியீடு, எந்த விசைப்பலகை என்று அன்று அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையின் ஒரு துணுக்கு ஹாலந்துக்காரர் ஒருவரின் நிரலுக்குள் இன்னும் உறங்குகிறது. யாராவது இப்போது டிஸ்கி பயன்படுத்துகிறீர்களா? கை தூக்குங்கள்.

20 ஆகஸ்டு 2023, இரவு 12:25

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

முதல் நாள் காலையில் "நானே 2008-ல் பத்து யூரோ அனுப்பியிருக்கிறேன்" என்று எழுதினேன் இல்லையா. அவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் அந்த ரசீதைத் தேடி எடுத்து இங்கே போடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமைக்குத்தான். பழைய மின்னஞ்சல் பெட்டிக்குள் கடவுச்சொல்லை எல்லாம் மீட்டுப் போய்த் தேடினால் ரசீது இல்லை. அறக்கட்டளையிலிருந்து நன்றி மடலும் இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று, நவம்பர் 2008, உங்கள் அட்டை ஏற்கப்படவில்லை, பணம் போகவில்லை, மறுபடி முயலுங்கள் என்று.

தப்பு என் அட்டையில். வெளிநாட்டுப் பரிமாற்றத்தைத் திறந்து வைக்கவில்லை. மறுபடி முயலவும் இல்லை.

பதினைந்து வருஷமாக நான் கொடுத்தவன் என்று நினைத்துக்கொண்டே திரிந்திருக்கிறேன். இரண்டு மூன்று தடவை பையன்களுக்கு வகுப்பு எடுத்தபோது சொல்லியும் இருக்கிறேன். "நான் கொடுத்தேன், நீங்களும் கொடுங்கள்" என்று. அதைக் கேட்டு யாராவது உண்மையிலேயே கொடுத்திருந்தால் அது இன்னும் மோசம்.

23 ஜூலை குறிப்பைத் திருத்தவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

21 ஆகஸ்டு 2023, காலை 8:00

"விடுங்கண்ணே, எல்லாரும் அப்படித்தான்" என்று ஆறு பேர். நன்றி. ஆனால் எல்லாரும் அப்படி இல்லை, பினாங்கு சார் வருஷா வருஷம் கொடுக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் அதை இங்கே எழுதவே இல்லை, எனக்குத் தனியாகச் சொன்னார். சொன்னதற்குத் திட்டப்போகிறார்.

28 செப்டம்பர் 2023, இரவு 9:30

நேற்றோடு க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு நாற்பது வயது. 27 செப்டம்பர் 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார், அடுத்த ஜனவரியில் எம்ஐடி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினார். அவருடைய எடிட்டரான ஈமேக்ஸைப் பிடித்திருக்கும் ஈமேக்ஸ்காரர்கள் எல்லாம் கொண்டாடுங்கள், விம்காரர்கள் நாங்கள் ஒரு ஓரமாக நிற்கிறோம்.

ஸ்டால்மன் கேட்டது வேறு, பிராம் கேட்டது வேறு. ஸ்டால்மன், நீ மாற்றினால் மாற்றியதையும் திறந்து கொடு என்று சட்டமாக எழுதினார். பிராம் கெஞ்சவும் இல்லை, கட்டளையிடவும் இல்லை, திரையில் ஒரு வரி போட்டார். எது ஜெயித்தது என்று சண்டை போட்டால் ஸ்டால்மன்தான். பிராம் மாதிரி பத்தாயிரம் பேர் ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொரு உண்டியல் வைத்தால் யார் தாங்குவது என்ற கேள்வியும் நியாயம்.

ரப்பர் ஓப்பன் சோர்ஸா என்று ஒரு குறும்புக்காரர் கேட்டிருக்கிறார். 1876-ல் விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதை எடுத்துக்கொண்டு லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனார். அடுத்த வருஷம் இருபத்திரண்டு கன்று சிங்கப்பூருக்கு வந்தது, அதில் ஒன்பது கோல கங்சாரில் நட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து காரில் அரை மணி, அதில் ஒன்று இன்னும் நிற்கிறது, வேலி கட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். காப்பி எடுத்தார்கள், பரப்பினார்கள், மேம்படுத்தினார்கள், எல்லாம் சரி. ஆனால் லைசென்ஸில் எங்கள் ஆயாக் கொட்டகைக்கு என்று ஒரு வரி எழுத மறந்துவிட்டார்கள். பள்ளிச் சுற்றுலாவில் அந்த மரத்தைக் காட்டிய ஆசிரியரிடம், இதை யார் வெட்டுவார்கள் சார் என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினேன்.

13 நவம்பர் 2023, மாலை 4:00

தீபாவளி வாழ்த்துகள், ஒரு நாள் தாமதம். முறுக்கு எல்லாம் காலி.

அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததற்கு மடலும் வந்தது, இந்தத் தடவை திறந்து படித்துப் பார்த்தேன். எவ்வளவு என்று சொல்லப்போவதில்லை, 2008-க்கு வட்டி போடவில்லை என்பது மட்டும் உண்மை. அம்மா தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பச்சை நோட்டில் நான்கைந்து எடுத்து என் கையில் வைத்து, இதையும் சேர்த்து அனுப்பு என்றார். ஐந்து வெள்ளி நோட்டை எப்படி அம்மா உகாண்டாவுக்கு அனுப்புவது என்றேன். உன் கம்ப்யூட்டரில் போகாதா என்றார். போகும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

4 ஜனவரி 2024, இரவு 10:00

விம் 9.1 வந்துவிட்டது, 2-ஆம் தேதி. பிராமின் நினைவுக்கு என்று அர்ப்பணித்திருக்கிறார்கள். இறக்கி, கம்பைல் செய்து, கோப்பு ஒன்றும் கொடுக்காமல் வெறுமனே திறந்தேன். "பதிவு பெற்ற பயனர் ஆகுங்கள்" என்று வந்தது. மூடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று எண்ணி மறுபடி திறந்தேன். வந்தார்கள்.

26 ஜனவரி 2024, காலை 7:45

தைப்பூசக் களைப்பில் இருக்கிறேன், சுருக்கமாக.

ஆறு மாதமாக எல்லாக் கதையும் பேசினீர்கள், நான் கேட்ட "எப்படி எடுப்பது" என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை என்று பாலிடெக்னிக் தம்பி எழுதியிருக்கிறார். நியாயம். விம்மில் ஷார்ட்மெஸ் என்று ஓர் அமைப்பு உண்டு, உங்கள் அமைப்புக் கோப்பில் அதோடு ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ ஒன்றைச் சேருங்கள், முகப்பு வாசகம் முழுக்கப் போய்விடும்.

என் கடையில் ஆறு மெஷின், அதில் ஒன்றில் மட்டும் அப்படிப் போட்டிருக்கிறேன், கவுண்டரில் இருப்பது. அப்படிப் போடும் முன் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் ஒருவர் நன்கொடை கேட்கிறோம் என்று நினைத்து, லேப்டாப்பைக்கூட வாங்கிக்கொள்ளாமல் மெல்ல நழுவிவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தன் மகனை அனுப்பித்தான் எடுத்துக்கொண்டார்.